வெள்ளேரியில் ஒரு வீடு

வெள்ளேரிக்குக் கிழக்குக் கரை வழியாகத்தான் இறங்க முடியும். மேற்கே செங்குத்தான பாறை. வடக்கே முந்திரிக்காடு. அந்தக் காட்டில் பழம் பழுக்கும், ஆனால் கொட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், கடித்தால் பல் கூசும். தெற்கே மணல்மேடு. அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று கடைசிவரை யாரும் முடிவு செய்யவில்லை. இவற்றுக்கு நடுவில் ஏரி. தண்ணீர் முழுவதும் உறைந்து, கரையிலிருந்து கரைவரை ஒரே கட்டியாகக் கிடக்கும். வெயில் மட்டும் எங்கள் ஊர் வெயில்தான். சித்திரை வெயில் நாள் முழுவதும் அடித்தாலும் ஏரி உருகாது.

இப்படி ஓர் ஏரி எந்தத் தேசப்படத்திலும் கிடையாது. நெய்வேலியில், அப்போதுதான் கட்டி முடித்திருந்த குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன்னறையில், என் அண்ணனின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில் அது இருந்தது. அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தான்.

அப்பா சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இங்கே பர்மனென்ட் வேலை கிடைத்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த புதிதில் ஊரே ஒரு வரைபடம் மாதிரிதான் இருந்தது. செம்மண்ணில் நேர்நேராகக் கோடு கிழித்த தெருக்கள், முள்வேலி கட்டிய மரக்கன்றுகள், ஒன்றைப்போல இன்னொன்றாக வீடுகள். பள்ளி விட்டு வந்து அடுத்த தெருவில் வேறு யாரோ வீட்டுச் சமையலறை வரைக்கும் போயிருக்கிறேன்.

அந்த வருஷம் பங்குனியில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வெயில் காய்ச்சல் என்றார்கள். பிறகு டைபாய்டு என்றார்கள். டாக்டர் வீட்டுக்கு வந்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, சூடு ஏறும்போதெல்லாம் நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார். ஐஸுக்கு எங்கே போவது? அப்பா பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு சோடாக் கடைக்குக் கடலூரிலிருந்து ஐஸ்கட்டி வரும். அதில் ஒரு துண்டை வாங்கி, மரத்தூள் போட்டு, சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் போட்டாராம்.

"யோவ், இன்னா மீனா அது? பஸ்ஸு பூரா நனைஞ்சுகினு இருக்குது."

"மீன் இல்லைங்க, ஐஸு. பையனுக்குக் காய்ச்சல்."

அதன்பிறகு கண்டக்டரே மூட்டையை வாங்கி வெயில் படாத பக்கமாக வைத்தாராம். வீடு வந்து சேரும்போது அது ஒரு தேங்காய் அளவுக்குக் கரைந்திருந்தது. நான் அதுவரை ஐஸைப் பார்த்ததில்லை. சாக்கைப் பிரித்தபோது புகை வந்தது. அடுப்பில்லாமல் புகை வருகிறதே என்று தொட்டேன், விரல் மரத்துப்போனது.

அம்மா அதை உடைத்துத் துணியில் கட்டி அண்ணனின் நெற்றியில் வைத்தாள். நண்பகல். ஜன்னலுக்கு ஈரச்சாக்கு தொங்கவிட்டிருந்தோம், அறை முழுக்கப் பழுப்பு வெளிச்சம். அண்ணன் கண்ணைத் திறக்காமல் என் கையைப் பிடித்தான்.

"பார்த்து நட. வழுக்குது."

"எங்கேடா வழுக்குது? படுத்துத்தானே இருக்கே?" என்றாள் அம்மா.

"ஏரிமேல. நடுவுல வெடிப்பு இருக்கு, ஓரமா வா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் பயமாக இல்லை. அவன் கை அனலாகக் கொதித்தது, நெற்றியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் என் மணிக்கட்டில் சொட்டியது. இரண்டுக்கும் நடுவே நானும் கொஞ்ச தூரம் அந்த ஏரிமேல் நடந்தது போலத்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு அண்ணா?" என்று கேட்டேன்.

"காடு."

அப்பா மறுபடி மறுபடி பண்ருட்டிக்குப் போய் வந்தார். ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அண்ணன் எழுந்து நிற்க முடியாதபடி கால்கள் குச்சியாகப் போயிருந்தன. கஞ்சி மட்டும்தான் கொடுக்கவேண்டும், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பரீட்சை போய்விட்டது. அவன் வகுப்புப் பையன்கள் எழுதி முடித்துச் சைக்கிளில் ஊர் சுற்றும் சத்தம் தெருவில் கேட்கும். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். யாரோடும் பேசமாட்டான்.

அவனைப் பேசவைக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"அண்ணா, அந்த ஏரி எங்க இருக்கு?"

"எந்த ஏரி?"

அவனுக்கு நினைவே இல்லை. காய்ச்சலில் அவன் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். வழுக்கலை, வெடிப்பை, காட்டை. வேறு யாரோ போய்வந்த ஊரைப்பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "காடு வடக்குலதான் இருக்கணும்."

அப்படித்தான் வெள்ளேரி தொடங்கியது. அவன் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டபடி சொல்வான், நான் தரையில் வரைவேன். கரைக்குச் சாக்பீஸ். காட்டுக்கும் பாறைக்கும் அப்பா கொண்டுவந்து கொடுத்த நிலக்கரித் துண்டு. எங்கள் ஊர் நிலக்கரி கருப்பு அல்ல, பழுப்பு. தேய்த்தால் மரப்பட்டை நிறத்தில் கோடு விழும். உறைந்த தண்ணீருக்குத் துணிக்குப் போடும் நீலம். ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து விரலால் பூசினேன். முதல் சில நாட்கள் அம்மா காலையில் அதைத் துடைத்துவிடுவாள், நாங்கள் மறுபடி வரைவோம். அப்படி வரையும்போதெல்லாம் கரை கொஞ்சம் இடம் மாறும். பிறகு ஒரு நாள் அம்மா ஏரியைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டுப் போனாள்.

குளிர் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. மார்கழி காலையில் கம்பளி கேட்பதோடு எங்கள் அனுபவம் முடிந்தது. அதனால் வெள்ளேரியிலும் வெயில் கொளுத்தியது. அப்படியானால் ஏரி ஏன் உருகவில்லை என்பது பெரிய கேள்வியாக வந்து நின்றது. அண்ணன் இரண்டு நாள் யோசித்து விடை கண்டுபிடித்தான். கரையில் இருப்பவர்களுக்கு அதுதான் வேலை. கோடை வந்ததும் கூடை கூடையாக மரத்தூள் கொண்டுவந்து ஏரிமேல் பரப்புவார்கள். அதன்மேல் சாக்கு விரிப்பார்கள். மழை வந்ததும் எல்லாவற்றையும் அள்ளிக் கரையில் கொட்டிவிடுவார்கள்.

வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா அதைக் கேட்டார்.

"எத்தனை ஆளு?"

"நிறைய ஆளுப்பா."

"ஷிப்ட் போட்டிருக்கீங்களா? ஒரே ஆளு நாள் பூரா செய்ய முடியாது. ரிலீவர் வராம யாரும் வேலையை விட்டு இறங்கக் கூடாது."

அன்றிலிருந்து வெள்ளேரியில் ஷிப்ட் வந்தது. எங்கள் ஊரில் சுரங்கத்துச் சங்கு ஊதினால் அங்கேயும் ஆட்கள் மாறுவார்கள்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் தண்ணீர் என்று வந்தால் பேசுவார். ஒரு நாள் தரையில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நிலக்கரித் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "இதுக்கு அடியில என்ன இருக்கு தெரியுமா? தண்ணி. அள்ள அள்ளக் குறையாத தண்ணி. மேல வரணும்னு முட்டிக்கிட்டே நிக்குது. நாங்க நாலாபக்கமும் இறைச்சிக்கிட்டே இருக்கோம். நிறுத்தினா சுரங்கத்துக்குள்ள வந்துடும்."

"இந்த வீட்டுக்கு அடியிலயுமா?"

"எல்லா வீட்டுக்கு அடியிலயும்தான்."

பயப்பட வேண்டிய செய்திதான். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பாயில் படுத்தால் கீழே எங்கோ தண்ணீர் அசைகிற மாதிரி இருக்கும். அண்ணன் உடனே வெள்ளேரியின் ஆழத்தைத் திருத்தினான். மேலே உறைந்திருப்பது ஒரு மூடிதான், அதன்கீழ் தண்ணீர் இன்னும் உயிரோடு இருக்கிறது, விடியற்காலையில் அது மூடியைத் தட்டும், அப்போது வெடிப்பிலிருந்து சங்கு மாதிரி ஒரு சத்தம் வரும் என்றான்.

பூகோளம் ஓரளவு முடிந்ததும் சரித்திரத்துக்கு வந்தோம். அதற்குள் அவன் தலையணையில் சாய்ந்து உட்கார ஆரம்பித்திருந்தான். வெள்ளேரி ஒரு காலத்தில் சாதாரண ஏரியாக இருந்தது. கிழக்குக் கரைக்காரர்களும் மேற்குக் கரைக்காரர்களும் தண்ணீர் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை. தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டுக் கேட்டு ஏரிக்கு அலுத்துப்போனது. ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது. அலை எழும்பிய இடத்தில் அலையாகவும், ஒருவன் குடத்தை முக்கிய இடத்தில் குடத்தோடும் நின்றுவிட்டது. மேற்குக் கரைக்காரர்கள் கோபித்துக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போனார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் படகுகளில் மாடு பூட்டினார்கள். வழுக்காமல் இருக்க மாட்டுக் குளம்புக்குச் சாக்குத் துணி கட்டினார்கள்.

பிறகு தெற்கிலிருந்து ஒரு ராஜா யானைப்படையோடு வந்தான். யானைகள் முன்காலை வைத்துப் பார்த்துவிட்டு நகரமாட்டோம் என்று நின்றுவிட்டன. உருகட்டும், நீந்திக் கடக்கலாம் என்று ராஜா கரையிலேயே கூடாரம் போட்டான். கூடாரம் தெருவானது. தெரு ஊரானது. ஊருக்குக் காத்திருப்பூர் என்று பெயர் வந்தது. அந்த ராஜாவின் பேரன்கள் அங்கே இட்லிக் கடை வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தான். காய்ச்சல் வந்தபிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவரும் ஓர் அம்மா உண்டு. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருவார். கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர் திகைத்துப்போனார்.

"இன்னாம்மா இது, தரையெல்லாம் நீலத்த ஊத்திகினு கீறீங்க?"

"ஏரிங்க" என்றேன்.

"ஏரியா! மதகு எங்க? கலிங்கு எங்க? தண்ணி போவ வழி வேணாமா?"

"உறைஞ்ச ஏரிங்க. தண்ணி போகாது."

"போவாதா? அப்ப மீனு பாடு?" என்று சிரித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, அண்ணனைப் பார்த்தபடியே கேட்டார்: "புள்ள தேறிகினு வருது. ஒனக்கு மொத்தம் எத்தினி புள்ளைங்கம்மா?"

இந்தக் கேள்விக்கு அம்மா எப்போதும் உடனே பதில் சொல்வாள். ரெண்டு, மூத்தது பையன், அடுத்தது பொண்ணு. அன்று கையிலிருந்த கீரைக்கட்டில் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டாள்.

"இப்ப ரெண்டு" என்றாள்.

கீரைக்கார அம்மா இன்னொரு கட்டை எடுத்து அம்மாவின் கையில் வைத்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அந்த 'இப்ப' எனக்குள் எங்கேயோ இடறியது. ஆனால் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் ஏரியில் இருந்தபோது, அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அங்கே உட்கார்ந்ததில்லை.

"இந்த ஏரியில குழந்தைங்க இருக்காங்களா?"

"காத்திருப்பூர்ல இருக்காங்கம்மா" என்றான் அண்ணன்.

"ஊருக்குள்ள வேண்டாம். தனியா ஒரு வீடு வைக்கலாமா?"

"வைக்கலாமே. எங்க?"

அம்மா ஏரியை நிதானமாகப் பார்த்தாள். நடுவில் ஒரு சிறிய தீவு இருந்தது. பூசும்போது நீலம் படாமல் தப்பிப்போன இடம் அது. அதற்குத் தீவு என்று பெயர் வைத்திருந்தோமே தவிர அதில் எதுவும் இல்லை. அம்மா அதைத் தொட்டுக் காட்டினாள்.

"யாரு இருப்பாங்க அதுல?" என்றேன்.

"ஒரு பொண்ணு."

"பெரிய பொண்ணா?"

"மூணு வயசு."

"மூணு வயசுப் பொண்ணு எப்படிம்மா தனியா இருக்கும்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குத் தெரியும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"தனியா இல்லைம்மா" என்றான் மெதுவாக. "மரத்தூள் போடறவங்க அந்தப் பக்கமாத்தான் போவாங்க. முறை வச்சுப் பார்த்துக்குவாங்க. எல்லா ஷிப்ட்லயும் யாராவது இருப்பாங்க."

அம்மா தலையாட்டினாள். என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கித் தீவில் வீட்டை அவளே வரைந்தாள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஓட்டுக்கூரை. வாசலில் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய் அடுப்பு மூட்டினாள்.

அன்று அப்பாவுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிச் சங்குக்குப் பிறகு டிபன் கேரியரோடு வந்தவர், வழக்கம்போல ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டப்போனார். நின்றார்.

"இது யாரு போட்டது?"

"நான்தாங்க" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா அழுக்கு உடுப்போடு தரையில் உட்கார்ந்தார். அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். உடுப்பை மாற்றாமல் உட்காரக் கூடாது என்று எப்போதும் சொல்கிறவள் அன்று சொல்லவில்லை. அப்பா அந்தச் சின்ன வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கரையில இருந்து இதுக்குப் போக வழி இல்லையே" என்றார்.

"உறைஞ்ச ஏரிதானேப்பா. எப்படி வேணாலும் நடந்து போகலாம்" என்றேன்.

"வழுக்கும்மா. வழி போடணும்."

நிலக்கரித் துண்டை எடுத்துக் கிழக்குக் கரையிலிருந்து தீவுவரை இரண்டு கோடுகளை அழுத்தி இழுத்தார். பக்கத்தில் கைப்பிடிக்குக் கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டினார். வெடிப்பு வந்த இடத்தில் பலகை போட்டார். கோடு கொஞ்சம் கோணியதும் எச்சில் தொட்டு அழித்து மறுபடி போட்டார். எல்லாம் முடிந்ததும் வீட்டு வாசலில், கோலத்தின் மேல் படாமல், ஒரு விளக்குக் கம்பம் வைத்தார். பிறகு எழுந்து குளிக்கப் போனார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. மறுநாள் அண்ணன்தான் சொன்னான்: "நமக்கு நடுவுல ஒருத்தி இருந்தா. நீ பொறந்த வருஷம் போயிட்டா."

"எப்படி?"

"காய்ச்சல்தான்."

காய்ச்சல் இறங்கிய பிறகும் அம்மா ஏன் மணிக்கொரு தரம் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று அப்போது புரிந்தது. அப்பா ஏன் ஒரு தேங்காய் அளவு ஐஸுக்காக அத்தனை தடவை பஸ் ஏறினார் என்பதும்.

ஆனி பிறந்ததும் அண்ணனை நடக்கச் சொன்னார் டாக்டர். என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினான். வாசலுக்குப் போக ஏரியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நான் சுற்றிக் கூட்டிப்போகப் பார்த்தேன். அவன் அப்பா போட்ட வழியில் பாதத்தை வைத்தான். பாதம் அந்த வழியைவிட அகலமாக இருந்தது. இருந்தாலும் கோடு தாண்டிவிடாமல் ஒவ்வோர் அடியாக வைத்து, தீவின் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கரையேறினான். வெளியே வெயிலில் கண் கூசியது.

பள்ளி திறந்தது. அவன் மறுபடி அதே வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படித்தான். மாலையில் நான் தெற்கே மணல்மேட்டுக்கு அப்பால் என்ன என்று கேட்பேன். "அப்புறம்" என்பான், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். நானே தனியாகச் சேர்க்கப் பார்த்தேன். அவன் சொல்லாதது எதுவும் அங்கே ஒட்டவில்லை. நீலம் நடந்து நடந்து தேய்ந்தது. கட்டிலை நகர்த்தியபோது முந்திரிக்காடு போனது. கார்த்திகை வந்தபோது நிலக்கரி ஊறிய அந்த வழி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் அம்மா அரிசி மூட்டையை வைத்தாள்.

அண்ணன் பரீட்சையில் தேறி, பயிற்சி முடித்து, அனல்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நாங்கள் வேறு பிளாக்கில் இன்னொரு அறை அதிகமான வீட்டுக்கு மாறினோம். வண்டியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் முன்னறைத் தரையைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வீட்டில் யாரும் வெள்ளேரியைப்பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண்ணைப்பற்றியும்தான்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்திருந்தேன். மகள் பிறந்திருந்தாள். ஒரு காலையில் அம்மா பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமலே அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"அவளுக்கும் முதுகு இப்படித்தான், நீளமா இருக்கும்" என்றாள். "எண்ணெய் தேய்ச்சா அழமாட்டா. தண்ணி ஊத்தினாத்தான் ஊரைக் கூட்டுவா. அப்பாவை 'டேய்'னுதான் கூப்பிடுவா. எங்கிருந்து கத்துக்கிட்டாளோ! உங்கப்பா திரும்பி, 'என்னடி'ன்னு கேட்டா ஓடிவந்து என் பின்னால ஒளிஞ்சுக்குவா."

அம்மா சிரித்தாள். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். "அப்புறம்?" என்று கேட்டேன். வெந்நீர் ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.